கோழி திருடிய சார்

அவர் காலுக்குப் பக்கத்தில் யாரும் குனியக் கூடாது. நாங்கள் வேலை பார்த்த இடத்துச் சாப்பாட்டு அறையில் யாராவது ஸ்பூனைத் தவறவிட்டால், விட்டவர் குனிவதற்குள் இவர் பெஞ்சை விட்டு எழுந்து சுவரோரம் போய்விடுவார். ஷூ லேஸ் கட்டுகிற ஆளைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் ஒதுங்குவார். உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் நாற்காலிக்கு அடியில் பின்னுக்குப் போய்விடும். கம்பெனி கொடுத்த கறுப்பு ஷூவை அக்னி நட்சத்திரத்திலும் கழற்றமாட்டார்.

ஒரு ஆயுத பூஜை அன்று டிராக்டருக்கு மாலை போட்டுப் பொரி கொடுத்து முடித்ததும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்கள், "வயசுல பெரியவரு, ஆசீர்வாதம் பண்ணுங்க சார்" என்று குனிந்தார்கள். அவர் அந்த வயதில் தாவி டிராக்டர் சீட்டில் ஏறிவிட்டார். மேலே நின்றபடியே, "நல்லா இரு, நல்லா இரு, போம்மா, போ" என்று இரண்டு கையாலும் விரட்டினார். டிரைவர் சிரித்த சிரிப்பில் பொரித்தட்டு கீழே கொட்டிவிட்டது.

அவர் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் பூந்தமல்லி மண்டபத்துக்குப் போயிருந்தோம். பெண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்து கும்பிட வேண்டிய நேரத்தில் பெண்ணைப் பெற்றவரைக் காணோம். தேடிப் பிடித்தபோது சமையல்காரரிடம் வடை மாவு பதம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மேடையில் நின்றே சத்தம் போட்டார். "இந்த மனுசன் காலு இன்னா கண்ணாடியில செஞ்சா கீது? தொட்டா ஒடஞ்சிடுமா?" மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தேனே தவிர, காரணம் எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

காரணத்தைச் சொல்வதற்கு முன் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லி தாண்டிப் போனால் எங்கள் பார்க் வரும். சினிமா ஸ்டூடியோவும் ராட்டினமும் ஒரே காம்பவுண்டில். தண்ணீர்ச் சறுக்கில் நனைந்து முடித்தவர்கள், தலை காய்வதற்குள் ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்க்க வருவார்கள். அந்தச் சுற்றுலாவில்தான் எனக்கு வேலை. இன்றைக்கும் அதே வேலைதான். ஆனால் நான் சேர்ந்த காலத்து டூருக்கும் இப்போது நடப்பதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை கிடையாது.

அப்போது ஒரு டிராக்டருக்குத் தகரத்தில் ரயில் முகம் செய்து மாட்டி, பின்னால் நான்கு பெட்டி இழுப்பார்கள். முதல் பெட்டியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, அவர் மைக்கில் சொல்லிக்கொண்டே வருவார். நான் டிக்கெட்டைக் கிழித்துவிட்டுக் கடைசிப் பெட்டியில் ஏறிக்கொள்வேன். கோர்ட், ஜெயில், ஆஸ்பத்திரி, விமான நிலையம், வெளிநாட்டுத் தெரு, கோபுரம், கிராமத்துத் தெரு என்று வரிசையாக வரும். நிஜமாகவே படப்பிடிப்பு நடந்த காலம் அது. திருப்பத்தில் ஒருவர் ஓடிவந்து கையைக் காட்டுவார். டிராக்டரை அணைத்துவிட்டு, ஐம்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் யாரோ ஒரு நடிகை காரிலிருந்து இறங்கி மறுபடி ஏறி மறுபடி இறங்குவதைப் பார்ப்போம்.

இந்த வேலைக்கு வேண்டியது கொஞ்சம் புளுகு. அது அவருக்குச் சுத்தமாக வராது. "இது கோர்ட்டுங்க. திரையை மாத்திட்டா ஆஸ்பத்திரி. போன வாரம் இது போலீஸ் ஸ்டேஷன். தட்டிப் பாருங்க, வெறும் பிளைவுட்டு" என்று தானே திருடிவிட்டு ஒப்புக்கொள்கிறவர் மாதிரி சொல்வார். ஜெயில் கம்பி பிளாஸ்டிக் பைப் என்று சொல்லும்போது அவர் குரலே இறங்கிவிடும். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் ஒவ்வொரு நடையும் மன்னிப்பில்தான் தொடங்கும். "தப்பா நெனச்சிக்காதீங்க, இன்னிக்கு யாரும் வரல" என்று, நடிகர்கள் இவர் வீட்டுப் பிள்ளைகள்போலவும் அவர்கள் வராதது இவர் வளர்ப்பின் கோளாறு போலவும் சொல்வார்.

ஒருமுறை ஒரு குழந்தை விமான நிலைய செட்டில் விமானமே இல்லை என்று அழுதது. அவர் முகம் செத்துப்போய்விட்டது. நல்லவேளையாக அந்த நேரம் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய நிஜ விமானம் ஒன்று மேலே போனது. அவர் குதித்து இறங்கி, "அதோ பாரு கண்ணு, நம்ம பிளேன்தான். இப்பதான் கெளம்புச்சி, நீ லேட்டு" என்றார். குழந்தை கை காட்டியது. அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே புளுகு அதுவாகத்தான் இருக்கும். அதற்கும் அன்று மாலை வரை, "சின்னப் புள்ள கிட்ட போயி..." என்று முனகிக்கொண்டிருந்தார்.

கிராமத்துத் தெரு செட்டின் கடைசியில் ஒரு கிணறும் பம்ப்செட்டுத் தொட்டியும் இருந்தன. அவை செட் இல்லை, நிஜம். பார்க் வருவதற்கு முன் அந்த நிலம் அவர் குடும்பத்தினுடையது. அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்றார்கள், விற்றவர்களில் ஒருவருக்கு வேலை தருவதாகப் பேச்சு, அப்படி வந்தவர்தான் இவர். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துப் பழகிய ஜனங்கள் அந்தத் தொட்டியையும் தட்டிவிட்டு, "இது ஒரிஜினலா சார்?" என்பார்கள். "ஒரிஜினல்தாங்க" என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிடுவார். டிராக்டர் திரும்பிய பிறகுதான் மறுபடி போடுவார்.

அந்தத் தொட்டியில்தான் என் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது வாய் வைத்துத் தண்ணீர் குடித்தார். நாங்கள் அந்த ஊரின் காலனிப் பக்கம். என் தாத்தா அவர்கள் நிலத்தில் கூலி. வெயிலில் ஓடிவந்த பையன் குடித்துவிட்டான். தொட்டி விளிம்பில் அந்த வீட்டுப் பையன் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. அவனுடைய அப்பா வந்து பார்த்துவிட்டு, என் தாத்தாவைக் கூப்பிட்டு அனுப்பி, களத்து ஆட்கள் எல்லோரும் பார்க்க, "சின்னவன் குளிக்கிற தொட்டி. அவன் கால்ல வுழு" என்றார். என் தாத்தா விழுந்தார். "அந்தப் பையன் காலு ஈரமா இருந்துச்சி. எங்கப்பன் நெத்தியெல்லாம் சேறு" என்று அப்பா சொல்வார். இந்த இடத்துக்கு மேல் அவரால் சொல்ல முடியாது.

பிறகு அப்பா ஐ.டி.ஐ. படித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய், ஆவடியில் வீடு கட்டி, அந்த ஊர்ப் பக்கமே போகாமல் இருந்தார். பஸ் அந்த வழியாகப் போனால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்வார். ஆனால் ஒரு ஆசை மட்டும் அவரை விடவில்லை. "அந்த ஊட்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், நடந்தது தப்புன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். அது போதும். வேற ஒண்ணியும் வேணாம்." இதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

ஆகவே நான் அந்த பார்க்கில் வேலைக்குச் சேர்ந்தபோது வீட்டில் பெரிய சண்டை. "போறதுன்னா போ. அவனுங்க எவனையும் ஐயான்னு கூப்புடாத" என்பதோடு அப்பா நிறுத்திக்கொண்டார். பார்க்கில் எல்லோரும் எல்லோரையும் சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது விதி. அந்த விதி என்னைக் காப்பாற்றியது.

முதல் நாளே அவர் கேட்டுவிட்டார். "யாரு ஊட்டுப் பொண்ணும்மா நீ?" சொன்னேன். "தாத்தா நல்லா நெட்டையா இருப்பாரே..." "ஆமா சார், அவர்தான்." அவர் பாதங்கள் பெஞ்சுக்கு அடியில் போனதை அன்றுதான் முதலில் பார்த்தேன். அதற்குப் பிறகு என்னை அவர் ஒருமையில் பேசியதே இல்லை. மற்ற பெண்கள் எல்லோரும் வாம்மா, போம்மா. நான் மட்டும் வாங்கம்மா. என் வயதுக்கு அது கூச்சமாக இருக்கும். வேண்டாம் சார் என்றால், "இருக்கட்டும்மா" என்பார்.

தினமும் காலையில், "அப்பா நல்லா கீறாராம்மா?" என்று கேட்பார். "நல்லாருக்கார் சார்." அத்தோடு சரி. அடுத்த வாக்கியம் வராது. அது வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு மழை நாளில் டிக்கெட் கூண்டில் இருவரும் மாட்டிக்கொண்டோம். "ம்மா, உங்க தாத்தா..." என்று ஆரம்பித்தார். அப்பாவுக்கு வேண்டிய வார்த்தையை நானாவது வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாம் என்று ஒரு பேராசை. அவர் மழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "...நல்ல ஒசரம்" என்று முடித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஊரிலுள்ள பொய்க்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிற மனிதருக்கு இந்த ஒரு நிஜத்துக்கு வாய் வரவில்லையே என்று மனதுக்குள் திட்டினேன்.

இதற்கிடையில் டூர் மாறத் தொடங்கியது. எல்லோர் கையிலும் கேமரா போன் வந்ததும், படம் எடுக்கிறவர்கள் எங்கள் ரயிலைப் பக்கத்தில் விடமாட்டோம் என்றார்கள். படப்பிடிப்பெல்லாம் நான்கு சுவருக்குள், செக்யூரிட்டி போட்ட தளங்களுக்குப் போய்விட்டது. எங்களுக்கு மிச்சம் காலி செட்டுகள். ஒரு பெருமழையில் கோபுரத்தின் பாதி பொம்மைகள் கரைந்து விழுந்தன. ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். நிர்வாகம் கைமாறியது. புது மேனேஜர், சின்னப் பையன், நல்ல சுறுசுறுப்பு, இவரிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு ஸ்பீக்கரில் ஒரு கம்பீரக் குரலைப் பதிவு செய்து போட்டார். அந்தக் குரல் கோர்ட்டைக் கோர்ட் என்றே சொல்லும், பிளைவுட்டைப் பற்றி மூச்சு விடாது. இவருக்கு ஒரு விசில் கொடுத்தார்கள். இறங்கும்போது ஒரு ஊதல், ஏறும்போது ஒரு ஊதல்.

அதுவும் ஓடவில்லை. வருகிறவர்களுக்குப் பார்ப்பதில் இஷ்டமில்லை, தாங்களே அதில் இருக்க வேண்டும். எனவே ஜெயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போட்டோ, ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு போட்டோ. கிராமத்துத் தெருவில், அந்தக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே, ஃபைபரில் ஒரு ஆலமரம் வைத்து, சுற்றி மேடை கட்டி, பஞ்சாயத்து ஷோ ஆரம்பித்தார்கள். கூட்டத்தில் ஒருவரை நாட்டாமை நாற்காலியில் உட்காரவைப்போம். குற்றவாளியைக் கொண்டுவந்து நிறுத்துவோம். கோழி திருடினான் என்பது குற்றச்சாட்டு. நாட்டாமை தோப்புக்கரணமோ என்னமோ தண்டனை சொல்வார். எல்லோரும் சிரித்துவிட்டு அடுத்த செட்டுக்குப் போவார்கள். மைக்கில் குற்றச்சாட்டு வாசிக்கிற வேலைக்கு என்னை உயர்த்தினார்கள்.

குற்றவாளியாக இருந்த மிமிக்ரிப் பையன் ஒருநாள் வராமல் போக, மேனேஜர் இவருக்குக் கிழிந்த வேட்டியைக் கட்டிவிட்டு, "இன்னைக்கு மட்டும் நில்லுங்க சார்" என்றார். நின்றார். நான், "பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடிக் குழம்பு வெச்சிட்டான்!" என்று வாசித்ததும் அவர் தலை தொங்கிவிட்டது, காது சிவந்தது, கை தானாகக் குவிந்தது. நடிக்கவில்லை. நிஜமாகவே அவர் ஒரு கோழியைத் திருடி அகப்பட்டுக்கொண்டதுபோல் கூனிக் குறுகிவிட்டார். கூட்டம் கைதட்டித் தீர்த்தது. அன்றிலிருந்து அவர்தான் குற்றவாளி.

எனக்கு அதைப் பார்க்கவே கூசும். காலேஜ் பையன்கள் ரீல் எடுத்துக்கொண்டே, "கால்ல வுழுடா!" என்பார்கள். தன் காலுக்குப் பக்கத்தில் ஈயைக்கூட விடாத மனிதர், கேட்ட அடுத்த நொடி விழுவார். தோப்புக்கரணத்துக்குக்கூடத் தயங்குவார், விழுவதற்குத் தயங்கமாட்டார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு ஒரு நிம்மதியோடு மரத்துக்குப் பின்னால் போவார். அவர் அங்கே ஏதோ பழைய கடனைக் கழித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. கழித்தாலும் வேறு யாரிடமோ கொண்டுபோய்க் கொடுக்கிறாரே என்றும் பட்டது.

அப்பா ரிட்டயர் ஆனார். அவரோடு ரிட்டயர் ஆன நான்கைந்து பேர் வேன் பிடித்து எங்கேயாவது போகலாம் என்று கிளம்பி, எங்கள் பார்க்கைத் தேர்ந்தெடுத்தார்கள். மகள் வேலை செய்கிற இடத்துக்கு வரமாட்டேன் என்று சொல்ல அப்பாவால் முடியவில்லை. சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பஞ்சாயத்து ஷோவுக்குள் அவர்கள் நுழைந்தபோதுதான் எனக்கே தெரியும். நான் கண்ணைக் காட்டி விலக்குவதற்குள் நண்பர்கள் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். "நம்ம மாமேதான் நாட்டாமை! போடு மாலைய!"

மரத்துக்குப் பின்னாலிருந்து அவர் வந்தார். அப்பா என் தாத்தாவின் அச்சு, அதே உயரம், அதே நெற்றி. வந்தவர் இரண்டடி வைத்து நின்றுவிட்டார். அப்பாவும் பார்த்துவிட்டார். நான் வேறு வழி தெரியாமல் வாசித்தேன். "பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடிக் குழம்பு வெச்சிட்டான்! நாட்டாமை என்ன சொல்றீங்க?"

"கோழி இல்லீங்க" என்றார் அவர்.

கூட்டத்தில், புதிதாக என்னவோ வருகிறது என்று போன்களைத் தூக்கினார்கள்.

"நான் பண்ண தப்பு வேறங்க. எங்க தொட்டியில ஒரு பையன் தண்ணி குடிச்சான். தாகத்துக்குத்தான். அதுக்கு அவங்க அப்பாவக் கூட்டாந்து என் கால்ல வுழ வெச்சாங்க. சொன்னது எங்கப்பா. ஆனா காலு என்னுதுங்க. நான் காலை எடுத்திருக்கலாம். எடுக்கல." அவருக்கு மூச்சு வாங்கியது. "நீ சின்னப் பையன்தானேன்னு யாராச்சும் சொல்லுவாங்க. அந்தப் பையனும் சின்னப் பையன்தாங்க. நடந்தது தப்புங்க."

யாரோ விசிலடித்தார்கள். "செம டயலாக்கு! அண்ணாத்தே, பின்றியே!" அவர் குனிந்தார், என் அப்பாவின் காலை நோக்கி விழுந்தார்.

அப்பா காலை எடுத்துவிட்டார். இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். அவர் கை வெறும் தரையில் விழுந்தது. "இன்னா மாமே, நாட்டாமையே பயந்துகினாரு!" என்று அப்பாவின் நண்பர் கத்த, கூட்டம் ஓவென்று சிரித்தது. அப்பா, "எழுந்திருங்க" என்றார். அவர் எழவில்லை. "எழுந்திருங்க, போதும்."

"தீர்ப்பு! தீர்ப்பு!" என்று கைதட்டினார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நாட்டாமையாக உட்கார்ந்தவர் பேசாமல் இருந்துவிட்டால் சொல்வதற்கு எனக்கு ஒரு வரி எழுதிக்கொடுத்திருந்தார்கள். பழக்கதோஷம், அது என் வாயிலிருந்து வந்துவிட்டது. "நாட்டாமை மன்னிச்சிட்டார்! எல்லாரும் பலமா ஒரு கைதட்டல்!"

அன்று சாயங்காலம் ஆவடிக்குப் போனேன். அப்பா சட்டையைக்கூட மாற்றவில்லை. "நான் மன்னிச்சேன்னு உனுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார்.

"ஷோல அப்டித்தான்பா சொல்லணும்."

"ஓஹோ" என்றார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே பேசினார். "அந்த ஒரு வார்த்தைக்கு எம்மாம் வருசம் காத்துகினு இருந்தேன். வந்துச்சி. மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னாரு. ஆனா சுத்தி நின்னு கைதட்றானுங்க. எனுக்குத் திரும்பவும் அந்தத் தொட்டிகிட்ட நிக்கிற மாதிரி ஆயிடிச்சிம்மா. அன்னிக்கும் இப்டித்தான் வேடிக்கை பாத்தானுங்க." சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, "அவுரைத் தப்பு சொல்லல. அவுருக்கும் அங்கதான் வாய் வந்திருக்கு" என்றார். அப்பா அவரை அவுரு என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. இரண்டு நாளில் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "சூப்பர் சார்! கோழியைத் தூக்கிடலாம். இனிமே இதுதான் சீன். தண்ணி, கால், அந்த 'எடுக்கல'ன்னு சொன்னீங்களே, அங்க ஒரு மியூசிக் போடறோம்."

"சார், அது டயலாக்கு இல்ல சார்" என்றார் அவர்.

"தெரியும் சார், நீங்களா போட்டதுதானே. அதான் அவ்ளோ நேச்சுரலா வந்துருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நிஜம் என்று சொன்னால், அந்தப் பையன் யார், அந்த அப்பா யார் என்று கேட்பார்கள். தன் வாயால் என் தாத்தாவை இன்னொரு தடவை அங்கே விழவைக்க அவருக்கு மனம் வரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஏ.சி. அறையில் என் குடும்பக் கதையை விளக்க எனக்கும் வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் இல்லை என்று புத்திக்குத் தெரிகிறது. உடம்புக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவர் விசிலையும் தொப்பியையும் மேனேஜர் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். கேட் வரைக்கும் கூடவே போனேன். "நான் போயிட்டா அந்த சீன் நின்னுடும்மா" என்றார், ஏதோ பெரிய தந்திரம் கண்டுபிடித்தவர்போல். "நான் இல்லாம எப்டிப் போடுவானுங்க? நடந்தது எனுக்குத்தானே தெரியும்?" ஒரே சுவர் காலையில் கோர்ட்டாகவும் மத்தியானம் ஆஸ்பத்திரியாகவும் ஆவதை அத்தனை காலம் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர், இதை மனதார நம்பினார். நான், "ஆமா சார்" என்றேன்.

அடுத்த வாரமே வளசரவாக்கத்திலிருந்து ஒரு நாடகக்காரப் பையன் வந்தான். நரைத்த விக், நல்ல குரல். நினைத்த இடத்தில் கண்ணீர் வரும். 'எடுக்கல' என்ற இடத்தில் வயலின். நான் மேனேஜரிடம் ஒருமுறை, "அந்த சீன் வேண்டாம் சார், கோழியே நல்லாருந்தது" என்று சொல்லிப் பார்த்தேன். "ஏன் மேடம், ஓடறதை நிறுத்தணுமா?" என்று சிரித்தார். பிறகு டிராக்டரும் போய் பேட்டரி கார் வந்தது. கோர்ட்டையும் விமான நிலையத்தையும் இடித்துவிட்டுப் பச்சைத்துணி அறை கட்டினார்கள். அங்கே நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், திரையில் உங்களைச் சுற்றி எந்த ஊரும் வரும். பழைய டூரில் மிச்சம் இருப்பது அந்தப் பஞ்சாயத்து மட்டும்தான். குற்றச்சாட்டை நான்தான் வாசிக்கிறேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் சென்னீர்குப்பம் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். பேத்திக்கு வாங்கிய கொய்யாப்பழம் கையில். "வாங்கம்மா. அப்பா நல்லா கீறாரா?" என்றார். "நல்லாருக்கார் சார்" என்றேன். இந்தத் தடவை அடுத்த வாக்கியம் வந்தது.

"அன்னிக்கு மைக்ல சொன்னீங்களே, மன்னிச்சிட்டார்னு. அது ஷோவுக்கு எழுதினதுன்னு எனுக்குத் தெரியும், டெய்லி கேட்டதுதான். இருந்தாலும் கேக்கறேன். அவரு எதுனா சொன்னாராம்மா?"

பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். "மன்னிச்சேன்னு சொல்லல சார். ஆனா எழுந்திருங்கன்னு ரெண்டு தடவை சொன்னாரே, அது அவரேதான் சொன்னது. காலைத் தூக்கினதும் அவரேதான். எதுவும் ஷோல இல்லாதது."

அவர் அதை மெதுவாகத் தனக்குள் வைத்துப் பார்த்தார். கண் கலங்கியது. "எழுந்திருங்கன்னாரு, இல்ல? மரியாதையாத்தான் சொன்னாரு" என்றார். "அது போதும்மா. அப்பால அந்த சீனும் நின்னுபோச்சி. இனிமே அது அவருக்கும் எனுக்கும் நடுவுல மட்டும்தான். நின்னுபோச்சில்லம்மா?"

என் பஸ் வந்துகொண்டிருந்தது. "நின்னுடுச்சி சார்" என்றேன்.

"இப்ப இன்னா காட்றாங்க?"

"கோழிதான் சார். பழைய கோழி."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "கோழியே நல்லா கீதும்மா, யாருக்கும் பேஜாரில்ல" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கி, நான் ஏறுகிற வரைக்கும் கண்டக்டரைப் பிடித்து நிறுத்திவைத்தார். ஜன்னல் வழியாக ஒரு கொய்யாப்பழத்தையும் கையில் திணித்தார். பஸ் நகர்ந்தது. மூன்று மணி ஷோவுக்கு நேரமாகிவிட்டது. புதுப் பையன் விக்கை மாட்டிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பான்.